நின்றிருந்த லாரி: பாடாலூர் நெடுஞ்சாலையில் எவரும் எண்ணாத வேலைநேரம்

"சாலையோரம் நின்றிருந்த லாரியின் மீது கார் மோதியதில்..." என்று தொடங்கும் செய்தி பெரம்பலூர் மாவட்டத்து வாசகர்களுக்குப் புதிதன்று. சிறுவாச்சூர், இரூர், பாடாலூர் என ஊரின் பெயர் மட்டும் மாறும். செய்தியின் முடிவில் பெரும்பாலும் இன்னொரு வாக்கியமும் வரும்: "லாரி ஓட்டுநர் தப்பியோடிவிட்டார். போலீசார் அவரைத் தேடி வருகின்றனர்." இறந்தவர்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் அச்செய்தியில் இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த லாரி அந்த இடத்தில், அந்த நேரத்தில் ஏன் நின்றது என்பது இருக்காது. அதை ஓட்டிவந்தவர் ஏன் ஓடினார் என்பதும் இருக்காது. இவ்விரு கேள்விகளையும் இங்கே நாம் கேட்கிறோம்.

பாடாலூர், பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் இடையில், முன்பு 45 என்றும் இப்போது 38 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. வடக்கே திருமாந்துறைச் சுங்கச்சாவடி, தெற்கே சமயபுரம் சுங்கச்சாவடி. சுற்றிலும் கல்குவாரிகள், மேற்கே செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம், நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை, கிழக்கே அரியலூரின் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும். ஆனால் இரவில் இங்கே நிற்கும் வண்டிகள் உள்ளூர்ச் சரக்கை ஏற்றியவை மட்டுமல்ல. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்திருப்பதுதான் இவ்வூரின் வினை. தூத்துக்குடியில் மாலையில் சரக்கேற்றிக் கிளம்பும் வண்டி நள்ளிரவு தாண்டித்தான் இந்தப் பகுதியைக் கடக்கிறது. மனித உடல் உறக்கத்துக்காகக் கெஞ்சும் நேரமும் அதுவே.

உறக்கம் வந்தால் எங்கே நிறுத்துவது? பெட்ரோல் பங்கில் டீசல் போடாத வண்டி நின்றால் விரட்டப்படும். தாபாவில் நிறுத்தினால் சாப்பிட வேண்டும்; ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பதற்குக் கடைக்காரரின் முகமே கடிகாரம். வெளிச்சமில்லாத இடத்தில் நிறுத்தினால் விடியும்போது டீசல் இருக்காது. சில நேரம் பேட்டரியும் இருக்காது. தார்ப்பாயை அறுத்துச் சரக்கை இறக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. காணாமற்போனவை அத்தனையும் ஓட்டுநரின் கணக்கில் எழுதப்படும். எனவே வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள சாலையோரம்தான் அவருக்குப் பாதுகாப்பு. பின்னால் வருகிற காருக்கு அந்த இடமே எமனாகிறது. ஒருவரின் பாதுகாப்பு இன்னொருவரின் சாவாக முடியும்படி ஒரு சாலையைக் கட்டிவிட்டு, முடிந்த பிறகு குற்றவாளியைத் தேடுகிறோம்.

இது இடப்பற்றாக்குறை பற்றிய பிரச்சினை என்று மட்டும் கருதினால், 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்த ஆயிரம் ஓய்வு மையங்கள் கட்டி முடிந்ததும் தீர்ந்துவிடும். அப்படித் தீராது என்பதே நம் கருத்து. ஓய்வெடுக்க இடம் இருந்தாலும் ஓய்வெடுக்க நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாடாலூரில் ஒரு தேநீர்க் கடையில் நாம் பேசிய ஓட்டுநர் ஒருவர், அன்று காலை ஏழு மணிக்குச் சரக்கேற்றும் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். வண்டியில் சரக்கு ஏறி முடிய மாலை ஐந்தாகியிருக்கிறது. இடையில் தூங்கலாமே என்று கேட்டோம். "வரிசை எப்ப நகரும்னு தெரியாதுங்க. கண்ணசந்தா பின்னால இருக்குறவன் முன்னால போயிடுவான். ஆனா அந்தப் பத்து மணி நேரம் வேலையில சேராதாம். வண்டி உருண்டாத்தான் வேலையாம்." சென்னை நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருப்பதால், விடிவதற்குள் உள்ளே போயாக வேண்டும்; தவறினால் நகருக்கு வெளியே இன்னொரு பகல் முழுதும் காத்திருப்பு. அந்தக் காத்திருப்புக்கும் கூலி கிடையாது. ஆக, பகலெல்லாம் விழித்திருந்தவர் இரவெல்லாம் ஓட்டுகிறார். ஆறு மணி நேரம் ஓட்டினார் என்று முதலாளியின் கணக்கு சொல்லும். இருபது மணி நேரம் விழித்திருந்தார் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

கூலி கொடுக்கும் முறையே இதற்கு அடிப்படை. நெடுந்தொலைவு ஓட்டுநர்களில் மிகப் பலருக்கு மாதச் சம்பளம் பெயரளவுக்குத்தான், அல்லது அதுவும் இல்லை. நடைக்கு இவ்வளவு பேட்டா என்றோ, வாடகையில் இத்தனை சதவீதம் என்றோ பேசிக்கொள்கிறார்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று டீசலுக்கு ஓர் அளவு வகுக்கப்படும். நெரிசலில் நின்றதால் கூடுதலாக எரிந்த டீசல் அவர் பேட்டாவில் கழியும். சரக்கில் எடை குறைந்தால் கழியும். தார்ப்பாய் கிழிந்தால் கழியும். வழியில் கொடுக்கும் மாமூலுக்கு ரசீது கிடையாதென்பதால் அதில் பாதியை முதலாளி நம்பமாட்டார். சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் ஓட்டுநர்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுவதாகவும், ஏறத்தாழப் பாதிப்பேர் களைப்போ தூக்கமோ இருக்கும்போதும் ஓட்டுவதாகவும் சொன்னது. லாரித் தொழிலில் ஆண்டுதோறும் கைமாறும் லஞ்சம் 48,000 கோடி ரூபாய் என்ற அதன் மதிப்பீடு அப்போது தலைப்புச் செய்தியானது. தூக்கத்தோடு ஓட்டுகிறார்கள் என்ற பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி ஒன்றை இங்கே ஒப்பிட வேண்டும். நான்கரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேர இடைவெளி, நாளொன்றுக்கு வழக்கமாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதெல்லாம் பலரும் அறிந்தவை. அதே விதியின் பத்தாவது பிரிவை நம்மவர்கள் எடுத்துப் பேசுவதில்லை. கடந்த தொலைவையோ கொண்டுசென்ற சரக்கின் அளவையோ வைத்துக் கூலி தருவது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால், அப்படித் தருவதையே அது தடை செய்கிறது. ஓட்டுநர் ஏன் தூங்காமல் ஓட்டுகிறார் என்ற கேள்விக்குப் பதில் அவருடைய கூலி பேசப்பட்ட விதத்தில் இருக்கிறது என்பதை அந்த விதியை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

"அது ஐரோப்பா, இங்கே ஓட்டுநர் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று யார் கண்காணிப்பது?" என்று உடனே கேட்பார்கள். இங்கேயும் கண்காணிக்கிறார்கள். 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒரு லாரி திருமாந்துறையை எத்தனை மணிக்குக் கடந்தது, சமயபுரத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது நிமிடக் கணக்கோடு பதிவாகிறது. சரக்கு ஏய்க்கப்படாமல் இருக்க, ஜி.எஸ்.டி. அதிகாரிகளின் இ-வே பில் முறையோடு அந்தப் பதிவு இணைக்கப்பட்டும் விட்டது. முதலாளியின் கைப்பேசியில் ஜி.பி.எஸ். புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது, அது பத்து நிமிடம் அசையாமல் நின்றால் ஓட்டுநருக்கு அழைப்பு வருகிறது: "வண்டி ஏன் நிக்குது?" ஆக, இந்த நாட்டில் ஒரு லாரி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பது வரித்துறைக்குத் தெரியும், சுங்கம் வசூலிக்கும் நிறுவனத்துக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும். தொழிலாளர் துறைக்கு மட்டும் தெரியாது. கருவி இல்லாததால் தெரியாமற் போகவில்லை. அந்தப் பதிவை வேலைநேரத்தின் சான்றாகப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இ-வே பில்லில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குச் செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுகிறது. சரக்கு ஒரு நாளில் 200 கிலோமீட்டர் நகர்ந்தால் போதும் என்று வரித்துறை கருதுகிறது. அந்தச் சரக்கை ஏற்றியிருக்கும் மனிதரோ ஓர் இரவில் அதைப்போல இரு மடங்கு, மும்மடங்கு ஓட்ட வேண்டும். பில்லில் பிழையிருந்து வண்டி பிடிக்கப்பட்டால், வணிகரும் அதிகாரியும் வழக்குப் பேசி முடிக்கும்வரை வண்டியோடு காத்துக் கிடப்பவர் ஓட்டுநர். வரியில் அவருக்கு ஒரு பைசா பங்கும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. நெடுந்தொலைவு வழித்தடங்களில், உரிய அதிகாரியின் ஒப்புதலோடு, பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை நீட்டலாம். அந்த ஒப்புதலோடும் அதற்கு மேல் கூடாது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேர ஓய்வு, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என எல்லாம் அதில் இருந்தன. இந்த 48, 54 என்ற எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரிடம் இருந்த காலத்தில், 1946-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரத்தை 54-இலிருந்து 48 ஆகக் குறைத்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த சட்டம், நெடுந்தொலைவு ஓட்டுநரை மட்டும் ஒரு விதிவிலக்கின் வழியாகப் பழைய 54-இலேயே விட்டுவைத்தது. அந்த 54 மணி நேரமாவது கிடைத்திருந்தால் பாடாலூரில் நாம் பேசியவர்கள் பண்டிகை கொண்டாடியிருப்பார்கள்.

கிடைக்காததற்குக் காரணம் அச்சட்டத்தின் வாசலிலேயே இருந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை அமர்த்தும் நிறுவனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். பத்து வண்டி வைத்திருப்பவரும் மனைவி, மைத்துனர், மகன் பெயர்களில் பிரித்துப் பதிவு செய்துவிட்டால் காகிதத்தில் சிறு முதலாளிதான். இனி நிலைமை இன்னும் மோசம். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு, 1961 சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. அதில் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கான வரம்பு பத்துத் தொழிலாளர்கள். ஐந்து என்ற வாசலே பெரும்பாலோரை வெளியே நிறுத்திற்று. பத்து என்ற வாசலில் நுழைய எத்தனை பேருக்கு வாய்க்கும்? எட்டு மணி நேரம் என்ற சொல் தொகுப்பிலும் இருக்கிறது என்று அமைச்சர்கள் சொல்லலாம். அது யாருக்கு என்பதே கேள்வி.

இருந்தாலும் செயற்பாட்டாளர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கொழு கொம்பு இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு, போக்குவரத்து வாகனத்தை இயக்க அமர்த்தப்பட்ட எந்தவொரு நபரின் வேலைநேரமும் 1961 சட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து பேர், பத்துப் பேர் என்ற எண்ணிக்கை அந்தப் பிரிவில் இல்லை. குறிக்கப்பட்ட நேரத்துக்கு வெளியே வேலை செய்வதையும், வேலை வாங்குவதையும் அது தடை செய்கிறது. வேலைநேரத்தை முன்கூட்டியே வரையறுக்கும்படி முதலாளியைக் கேட்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதே வேலைநேர விதிகளைச் சுட்டிக்காட்டி, அவற்றை நடைமுறைப்படுத்தும் வழியை மாநிலங்களோடு கலந்து காணுமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது!

இந்தத் தளத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். லாரி ஓட்டுநர்கள் எல்லோரும் தலித்துகள் என்று நாம் சொல்லவில்லை; எல்லாச் சாதியிலும் ஏழைகள் ஓட்டுகிறார்கள். ஆனால் வண்டியை ஓட்டுவது யார், வண்டியை வைத்திருப்பது யார் என்ற பிரிவில் சாதிக்குப் பங்கில்லை என்பவர் பெரம்பலூர் மாவட்டத்தை அறியாதவர். 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரியோ 20. நிலம் இல்லாததால் கூலிக்குப் போன குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு இங்கே திறந்திருந்த கதவுகள் சில: கல்குவாரி, வெளிநாட்டு விசா, லாரி. பள்ளிப்படிப்பு நின்றுபோன இளைஞன் கிளீனராக ஏறி, இரவில் ஓட்டுநர் அசரும்போது வண்டியைப் பிடித்துப் பழகி, பின் உரிமம் எடுத்தான். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்ட முடியாமற் போனவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த விதி நீங்கியபோது கிளீனர் என்ற வேலையே அருகிவிட்டது. செலவைக் குறைக்கக் கிளீனரை நிறுத்திய முதலாளிகள், அவர் செய்த வேலையையும் ஓட்டுநரிடமே கொடுத்தார்கள்: தார்ப்பாய் கட்டுவது, டயர் மாற்றுவது, பின்பக்கம் பார்த்துச் சொல்வது, ஓட்டுநர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பது. கடைசி வேலையை இப்போது கைப்பேசிப் பாட்டும் வாயில் அடக்கிய புகையிலையும் செய்கின்றன.

அப்படியிருந்தும் ஏன் இந்த வேலைக்குப் போகிறார்கள்? ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் ஓட்டுநர் சொன்னது நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. "நாசிக்ல இறங்குனா நான் மதராசி டிரைவர். ஊர்ல இறங்குனா காலனிக்காரன். எது மேல்னு நீங்களே சொல்லுங்க தோழர்." நெடுஞ்சாலை தரும் இந்தச் சிறு விடுதலையை நாம் மலிவாக மதிப்பிடக் கூடாது. பண்ணையார் வீட்டு வாசலில் நிற்காமல், துண்டை இடுப்பில் கட்டாமல், பெயரால் அல்லாமல் "டிரைவர்" என்று அழைக்கப்படுவது பல குடும்பங்களில் முதல் தலைமுறை மரியாதை. அந்த மரியாதைக்குக் கொடுக்கும் விலை உறக்கம் என்பதால்தான் இது நம் பிரச்சினையாகிறது.

மேலும், விட்டுவந்ததாக நினைத்த பண்ணை வேறு உருவில் பின்தொடர்ந்தும் வருகிறது. வேலையில் சேரும்போது முன்பணம் தருவது லாரித் தொழிலில் பரவலான வழக்கம். தங்கையின் திருமணமோ தாயின் அறுவை சிகிச்சையோ அந்தப் பணத்தை விழுங்கிவிடும். பிறகு டீசல் கழிவு, எடைக் குறைவு, அபராதம் எல்லாம் சேர்ந்து பாக்கி குறையவே குறையாது. 2019 திருத்தத்தின்படி அதிகப்படிப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்பவர் ஓட்டுநர் அல்லர். ஆனால் ஓட்டுபவரும் அப்பிரிவுக்குள் வருகிறார். சில இடங்களில் அசல் உரிமத்தையே ஈடாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பாக்கியைத் தீர்க்காமல் வேறு வண்டிக்குப் போக முடியாது என்ற நிலை வந்துவிட்டால், அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. முன்பணத்தின் காரணமாக வேலையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தையோ, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ ஒருவர் இழந்தால் அது கொத்தடிமைத்தனம் என்று 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வரையறுக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிக் கட்டுண்டவர் பட்டியல் சாதியினராகவும், கட்டி வைத்தவர் வேறு சமூகத்தவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் சேரும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளைத் தேடிச் செல்லும் நம் தோழர்கள், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குள் அதைத் தேடுவதில்லை. ஆயிரம் கிலோமீட்டர் நகர்கிறவர் எப்படி அடிமையாக இருக்க முடியும் என்ற மயக்கம் நமக்கும் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்: அவர் ஏன் ஓடினார்?

விபத்து நடந்த இடத்தில் முதலில் கூடுவது காவல்துறை அன்று, கூட்டம். அது யாருடைய தவறு என்று விசாரிப்பதற்கு முன்பே பெரிய வண்டியை ஓட்டியவரை அடிக்கும். வெளியூர்க்காரர் என்றால் அடி கூடுதல். பக்கத்து ஊர்க்காரர் என்றால் "எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும், அதற்கான பதில் அடியின் அளவைத் தீர்மானிக்கும். இதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் புரிந்துகொண்டிருந்தது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் எல்லா முயற்சிகளையும் எடுக்க வேண்டும் என்று சொல்லும் அதன் 134-ஆவது பிரிவு, கூட்டத்தின் ஆவேசத்தால் அது இயலாமற் போகும் நிலையை வெளிப்படையாக விதிவிலக்காக்குகிறது. 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவில் அந்தச் சொற்கள் இல்லை. அலட்சியமாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டு, காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ உடனே தெரிவிக்காமல் தப்பினால் பத்து ஆண்டுகள் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள்.

2024 ஜனவரி முதல் நாள் வட மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தியது இதை எதிர்த்துத்தான். மறுநாளே உள்துறைச் செயலர் பேச்சு நடத்தினார். கலந்துபேசிய பிறகே அப்பிரிவு நடைமுறைக்கு வரும் என்று உறுதியளித்தார். 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் வந்தபோது 106(2) மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த வேலைநிறுத்தம் ஈட்டிய பெரிய வெற்றி இது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு பேசியது அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசோடு. அது வண்டி உரிமையாளர்களின் அமைப்பு. சாலையை மறித்தவர்கள் ஓட்டுநர்கள், மேசையில் அமர்ந்தவர்கள் முதலாளிகள். ஆகவே தண்டனை பேசப்பட்டது. தண்டனைக்கு இட்டுச்செல்லும் வேலைநேரம் பேசப்படவில்லை. 2023-இல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களுக்கு நீதி வேண்டும் என்பவர்கள் உறங்காத ஓட்டுநருக்குப் பத்தாண்டுச் சிறை கேட்பதோடு நிற்கக் கூடாது. அவரை உறங்கவிடாதவரின் பெயரையும் முதல் தகவல் அறிக்கையில் கேட்க வேண்டும்.

ஓட்டுநரைச் சந்தேகத்தோடு மட்டும் எண்ணுவது அரசுக்குப் பழக்கம்தான். 1990-களில் எய்ட்ஸ் தடுப்புப் பணி தொடங்கியபோது நோயை ஊருக்குக் கொண்டுவருகிறவர் என்ற பட்டியலில் அவர் சேர்க்கப்பட்டார். அப்போது நெடுஞ்சாலையோரம் அவருக்கு ஆணுறை கிடைத்தது, கழிப்பறை கிடைக்கவில்லை.

அண்மையில் வந்த நல்ல மாற்றம் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகியிருக்கிறது. எஞ்சினின் சூட்டில் வெந்தவர்களுக்கு இது பெரிது. பழைய வண்டியில் இருப்பவர்களுக்கு இது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அறை குளிர்ந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டலாமே என்று முதலாளி கணக்குப் போடுவதைத் தடுக்க நேர வரம்பு தவிர வேறெதுவும் இல்லை.

தலித்துகளைச் சொந்த வண்டிக்காரர்கள் ஆக்குவதுதான் தீர்வு என்று நம்மில் சிலர் வாதிடுகிறார்கள். தாட்கோ கடனும், 35 சதவீத மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் பயன்படட்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒற்றை லாரி வாங்கியவர் எந்தத் தொழிலாளர் சட்டத்துக்குள்ளும் வரமாட்டார். தவணை நாள் நெருங்கும்போது முதலாளி அழைக்க வேண்டியதில்லை, தானே தன்னை எழுப்பிக்கொண்டு ஓட்டுவார். சரக்கும் வாடகையும் புக்கிங் ஆபீஸ்காரர்களின் சாதி, உறவு வலைக்குள் கைமாறும்வரை வண்டியின் உரிமை மட்டும் அவரைக் காப்பாற்றாது.

எனவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இயங்கும் தோழர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேலையை முன்வைக்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு மனுக்கள் போதும். மாவட்டத் தொழிலாளர் துறைக்கு ஒன்று: மோட்டார் போக்குவரத்து நிறுவனங்கள் எத்தனை பதிவாகியுள்ளன, அவற்றில் கடந்த ஐந்து ஆண்டுகளில் வேலைநேரம் குறித்து எத்தனை ஆய்வுகள் நடந்தன, எத்தனை வழக்குகள் தொடரப்பட்டன? அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் இம்மாவட்டத்தில் பதிவு பெற்ற லாரி ஓட்டுநர்கள் எத்தனை பேர், அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மற்றொன்று: அதிகப்படிப் பாரத்துக்கும், சாலையோரம் நிறுத்தியதற்கும் எத்தனை வழக்குகள் போடப்பட்டன, மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவின் கீழ், ஓட்டுநரை நேரம் கடந்து ஓட்ட வைத்ததற்காக, திருமாந்துறைக்கும் சமயபுரத்துக்கும் இடையில் ஒரே ஒரு முதலாளி மீதேனும் இதுவரை வழக்குப் பதிவாகியிருக்கிறதா?